பூட்டு வீட்டு இலக்கம்

பண்டத்தரிப்பு,
யாழ்ப்பாணம்,
20 ஜனவரி 2024, சனிக்கிழமை

என் அன்பு மகள் அபிகாயிலுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். வலது முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. உன் சுகத்தையும் அந்த ஊர்க் குளிரின் சேதியையும் அறிய ஆவல்.

நீ விமானம் ஏறிப் பதினைந்து நாள். நத்தார்ப் பண்டிகைக்கு வந்த பிள்ளையோடு கேக் வெட்டும் மேசையில் வைத்துச் சண்டை பிடித்த தகப்பன் என்று கோயிலில் எனக்கு நல்ல பெயர். போனில் இனிச் சமையலும் சுகமும் மட்டும், கிணறும் பூமி சூடாவதும் கடிதத்தில் மட்டும் என்று நீ போட்ட சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. கோபம் தபாலில் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும்.

நோவாவின் காலத்தில் யார் பெற்றோல் எரித்தது என்று நான் கேட்டது பிழைதான். ஆனால் நீ அதற்குப் பதில் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். உலகம் சூடாகிறது, மனிதர்தான் அதைச் செய்கிறார்கள், கடல் ஏறுகிறது, எங்கள் கிணறும் சவராகப் போகிறது என்கிறாய். என் கதை சின்னது. வெயில் வரும், மழை வரும், கடலும் வரும் போகும். தன் கிணற்றுக்கு ஒரு மூடி போடத் தெரியாதவன் மனிதன். வானத்தைச் சூடாக்க அவனுக்கு எங்கே வல்லமை? கிணறு சவரானால் அது பக்கத்து வளவு கனகலிங்கத்தின் மோட்டர் வேலையாக இருக்கும். வெங்காயத்துக்கு என்று காலையும் மாலையும் உறிஞ்சுகிறான். அடியில் கிடக்கும் உப்பு மேலே வராமல் என்ன செய்யும்?

எங்களுக்கு டெல்ஃப்ற் என்றால் நெடுந்தீவு. படகில் ஒரு மணித்தியாலம், வாந்தி இலவசம். நீ இருக்கிற டெல்ஃப்ற் ஒல்லாந்திலே, கடலைவிடப் பள்ளத்தில். கடலுக்குக் கீழே வீடு கட்டிக் குடியிருக்கிற சனம், கடல் ஏறுகிறதென்று எங்களைப் பயப்படுத்துகிறது. இதைப் பகிடியாகத்தான் எழுதுகிறேன், நீயும் அப்படியே வாசி.

என்றாலும் உன் ஆராய்ச்சிக்கென்று நீ தந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். ஓ.எல். பரீட்சையில் கணக்கை மூன்று தரம் எழுதினவன் நான். மூன்றாந்தரம் எனக்கு முன்னமே திருத்தினவர்கள் களைத்துவிட்டார்கள். ஆனால் முப்பத்தொரு வருடம் வீடு வீடாய் மின்சார மீற்றர் பார்த்தவன். நாய்க்கடி ஐந்து, பூனைக்கடி ஒன்று. இலக்கம் வாசிக்கத் தெரியும். நீ தந்துவிட்டுப் போன உப்பு மீற்றரை ஒவ்வொரு சனியும் சரியாக நாலு மணிக்கு நூலில் கட்டிக் கிணற்றில் இறக்குகிறேன். எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, வாசித்து, தாளில் எழுதுகிறேன். மூன்று நிமிட வேலை. இலக்கம் கூடினால் உப்புக் கூட, ஆயிரத்து ஐந்நூறுக்கு மேலே போனால் நாக்கே சொல்லும் என்றாயே. இதுவரை நாக்கு வாய் திறக்கவில்லை.

6ஆம் திகதி 980. 13ஆம் திகதி 978. இன்று 980.

கனகலிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“மீற்றர் அண்ணை, கிணத்துக்கும் இப்ப பில் வருமோ?”

“ஓம். உன்ரை மோட்டருக்கும் சேர்த்து வரும்.”

“அப்ப எனக்குப் பூட்டு வீடு எண்டு எழுதிவிடுங்கோ.”

உன் அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
இராசசிங்கம்

டெல்ஃப்ற், நெதர்லாந்து,
12 பெப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதமும் வாசிப்புத்தாளும் கிடைத்தன. நன்றி. இலக்கங்கள் பழையபடியேதான் இருக்கின்றன, சொல்ல ஒன்றுமில்லை. தொடர்ந்து எழுதுங்கள். இங்கே வேலை கூட. முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.

அன்புடன்,
அபி

பண்டத்தரிப்பு,
9 மார்ச் 2024, சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நாலு வரி. எண்ணிப் பார்த்தேன். முழங்கால் எண்ணெயைச் சேர்த்தால் ஐந்து. குறை சொல்லவில்லை, மீற்றர் பார்த்தவனுக்கு எண்ணுவது வியாதி.

இன்றைய இலக்கம் 981. இதற்குக் கீழே எழுதுவதை உன் ஒல்லாந்துப் பேராசிரியர்களுக்குக் காட்டாதே.

நாலு மணிக்குக் கிணற்றடிக்குப் போனேன். நல்ல வெயில், வாழையிலைகூட ஆடவில்லை. கிணற்றுக்கட்டில் முழங்கையை ஊன்றி மீற்றரை இறக்கினேன். தண்ணீரைத் தொட்டதும் நூல் இறுகியது. மீன் கொத்துவதுபோல இல்லை. வாளி எங்கோ மாட்டினதுபோலவும் இல்லை. கீழே ஒருவர் மீற்றரைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, வாசிக்கிறதுபோல இருந்தது. அந்தப் பிடி எனக்குத் தெரியும் பிள்ளை. முப்பத்தொரு வருடம் நான் பிடித்த பிடி. நானும் நூலை விடாமல் நின்றேன். பிறகு அவர் விட்டார். மிக மரியாதையாக விட்டார்.

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. வானம் தெரிந்தது, கப்பி தெரிந்தது. என் தலை தெரியவில்லை. சூரியன் அந்தப் பக்கம் நின்றிருக்கும்.

எங்கள் மின்சாரப் பகுதியில் ஓய்வு பெற்றவர் யாராவது அங்கே இடம் மாறிப் போயிருக்கலாம் என்று எனக்கு நானே பகிடி விட்டேன். சிரிப்பு வரவில்லை. கிணற்றுக்கட்டில் எதிரொலி மட்டும் வந்தது, அதுவும் கொஞ்சம் பிந்தி.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
இராசசிங்கம்

பண்டத்தரிப்பு,
18 மே 2024, சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

வாசிப்புத்தாள் இத்துடன் வருகிறது. மார்ச் 16 இல் 993, மார்ச் 30 இல் 1,017, ஏப்ரல் 13 இல் 1,054, ஏப்ரல் 27 இல் 1,091, இன்று 1,163. இடைக்கிழமை இலக்கங்களும் தாளில் உண்டு. நீ பார்க்க ஆசைப்பட்ட பக்கமாகத்தான் போகிறது போல.

ஊர்ப் புதினம்: போன கிழமை பசுமை இயக்கம் என்று ஒரு பஸ்சில் வந்து சந்தியில் மரம் நட்டார்கள். குளிர் ஏசி பஸ். அவர்கள் நிழலில் நின்று பேசி முடியும்வரை எஞ்சினை நிறுத்தவில்லை. ஐம்பது கன்று, ஐம்பது பேர், ஆளுக்கொரு படம். எனக்கும் ஒரு பச்சைத் தொப்பி தந்து, வயது போனவர் ஒருவர் படத்தில் வேண்டுமென்று முன்னுக்கு விட்டார்கள். நட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் நடவில்லை. இன்றைக்கு நாலு கன்று நிற்கிறது, அதிலும் இரண்டை ஆடு பார்த்துக்கொண்டு நிற்கிறது. தொப்பி நல்லது, வெயிலுக்குப் போடுகிறேன். உலகத்தைக் காப்பாற்ற வருகிறவர்கள் ஒரு கன்றைக் காப்பாற்றிக் காட்டினால் நானும் கட்சி மாறுவேன்.

கனகலிங்கம் தன் கிணறும் சவரடிக்கிறது என்கிறான். “கொஞ்சம், எப்பன்தான் அண்ணை, தேத்தண்ணியிலை தெரியுது.” மோட்டரை நிறுத்து என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். தாளைப் பற்றி ஆறுதலாக எழுது.

உன் அப்பா,
இராசசிங்கம்

டெல்ஃப்ற்,
10 ஜூன் 2024

என் அன்பான அப்பாவுக்கு,

தாளை மூன்று தரம் வாசித்தேன். பிறகு இலக்கங்களைக் கணினியில் போட்டுக் கோடு கீறினேன். அப்பா, என்ன வடிவான கோடு தெரியுமா? கோடையில் கிணற்று உப்பு ஏறுவது வழமை என்று நீங்கள் சொல்வீர்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் ஏப்ரலில் உங்களுக்கு நல்ல மழை பெய்தது, கோயில் கூரை ஒழுகியதென்று போனில் சொன்னீர்கள். அந்த மழைக்குக்கூட இது இறங்கவில்லை. மழையைக் கவனிக்காமல் ஒரே சீராக ஏறுகிறது. என் மேலாளர் அந்த இடத்தில் விரலை வைத்து, “இந்தத் தரவை எடுத்தவர் யார்?” என்று கேட்டார். என் தகப்பன் என்றேன்.

செப்டெம்பர் மாநாட்டில் இதைத்தான் வாசிக்கப்போகிறேன். கட்டுரையில் உங்கள் பெயரும் வரும். நம்பாத மனிதர் நம்புகிறவளுக்காகச் சனிக்கிழமை தவறாமல் கிணற்றடிக்குப் போகிறாரே என்று நினைக்கையில், நத்தாருக்கு நான் சத்தம் போட்டதற்கு வெட்கமாயிருக்கிறது.

இங்கே இப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். கால்வாய்க் கரையில் நடக்கும்போது உங்களைப்போல ஒருவர் சைக்கிளில் போனார், பின்னாலே ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒல்லாந்தர்தான். நாய் ஒன்று குரைத்ததும் அவரும் உங்களைப்போலக் காலைத் தூக்கிக்கொண்டார். பனங்கிழங்கு மாவில் அம்மா முந்திச் செய்த ஒடியற்கூழை நான் வைத்துப் பார்த்தேன், அது பாணிக்கும் பசைக்கும் நடுவில் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது, திருப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அபி

பண்டத்தரிப்பு,
3 ஆகஸ்ட் 2024, சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் மூன்று பக்கக் கடிதத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நாள்தோறும் எடுத்து வாசிக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு பிந்தியது. இதை எழுதினால் அப்படி ஒன்று இனி வராது என்று தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பூட்டிக் கிடந்தால், அல்லது நாய் பெரிதாக இருந்தால், மீற்றரைப் பார்க்காமலே ஒரு இலக்கம் எழுதுவோம். போன மாதம் இவ்வளவு, அதற்கு முதல் இவ்வளவு, ஆகவே இந்த மாதம் இவ்வளவு இருக்கும் என்று ஒரு மதிப்பு. பூட்டு வீட்டு இலக்கம் என்று சொல்வோம். உருண்டையாக எழுதக்கூடாது, எழுதினால் மேலதிகாரி பிடித்துவிடுவார். அடுத்த மாதம் கதவு திறந்ததும் உண்மையான இலக்கம் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும்.

மார்ச் 9க்குப் பிறகு நான் கிணற்றடிக்குப் போகவில்லை. அந்த நூல் இறுகினது எனக்குப் பயம், பிள்ளை. நாயென்றால் தடியால் ஓட்டலாம். குளிப்பதும் குடிப்பதும் குழாய்த் தண்ணீரில். சனிக்கிழமை நாலு மணிக்கு வாசற்கதவைச் சாத்திவிட்டு மேசையில் இருந்து எழுதினேன். எல்லாம் பூட்டு வீட்டு இலக்கம்.

ஏன் ஏற்றி எழுதினாய் என்று கேட்பாய். பழையபடியே என்று எழுதினபோது நாலு வரி வந்தது. ஏறினபோது மூன்று பக்கம் வந்தது. நான் நம்பாதவன்தான், ஆனால் விசரன் இல்லை. உன் அம்மா சீலா போன பிறகு இந்த வீட்டுக்கு வருகிற ஒரே சத்தம் தபால்காரனுடைய மணி.

ஏப்ரல் மழைக்கும் இறங்கவில்லை என்று உன் மேலாளர் விரல் வைத்தாரே. அது விஞ்ஞானம் இல்லை மகள். எழுதும்போது மழையை நான் மறந்துபோனேன்.

மே மாதத்துக்குப் பிறகு எழுதின தாளின் பிரதியும் இத்துடன் வருகிறது. இன்றைக்கும் ஒன்று எழுதிவைத்தேன், 1,372. அதுதான் கடைசி. இனி எழுதமாட்டேன். மாநாட்டில் இதை வாசிக்காதே.

இன்னுமொன்று. கனகலிங்கத்தின் வெங்காயத் தாள் நுனியெல்லாம் கருகிப்போனது. ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், ஐந்து கிணறும் சவர். மோட்டர்தான் என்று நான் இன்னும் சொல்கிறேன். முந்தியைப்போல உரத்துச் சொல்ல முடியவில்லை.

மன்னித்துக்கொள்.

அப்பா

டெல்ஃப்ற்,
24 ஆகஸ்ட் 2024

அப்பா,

கட்டுரையைத் திருப்பி எடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள், தரவில் பிழை என்றேன். யாருடைய பிழை என்று சொல்லவில்லை.

நானும் ஒன்று சொல்லவேண்டும். நத்தாருக்கு நின்றபோது உங்கள் கிணற்றுக்குள் ஒரு பதிவுக்குழாய் தொங்கவிட்டேன். கட்டுக்குக் கீழே, பன்னத்தாவரம் முளைத்திருக்கும் பக்கம், ஆணியில் கம்பியால் கட்டியிருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு தரம் அது தானாகவே உப்பைப் பதியும். நீங்கள் நம்பாதவர், குறைத்து எழுதிவிடுவீர்கள் என்று பயந்தேன். கூட்டி எழுதுவீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு பிழையாக வாசித்திருக்கிறோம்.

அதைக் கழற்றி எனக்கு அனுப்புங்கள். உண்மையில் என்ன நடந்ததென்று பார்ப்போம். கிணற்றுக்குள் யாரும் இல்லை, அப்பா. சுண்ணாம்புக்கல் குகைகளால் கடலோடு தொடுப்பு இருக்கும், கடல் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கில் நூலை இழுத்திருக்கும். தனியே போகப் பயமென்றால் கனகலிங்கம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அபிகாயில்

பண்டத்தரிப்பு,
14 செப்டெம்பர் 2024, சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

பதிவுக்குழாயை எடுத்துவிட்டோம். காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். கனகலிங்கம் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“விழுந்தா நான் குதிக்கமாட்டன் அண்ணை, இப்பவே சொல்லிப்போட்டன்.”

“நீ குதிச்சா உள்ள தண்ணியும் வெளியாலை போடும். பேசாமல் பிடி.”

குழாய் நீ சொன்ன இடத்தில் இருந்தது. வெளியே பாசி படர்ந்திருந்தது. நடுவில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் பாசி இல்லை, அடிக்கடி கை பட்ட பாத்திரம்போலப் பளபளத்தது. கனகலிங்கம் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

ஆணியில் இருந்த கம்பி மூன்று முறுக்கு முறுக்கி, வாலை உள்ளே மடித்துக் கட்டியிருந்தது. மீற்றருக்கு ஈய முத்திரை வைக்கும்போது நாங்கள் கட்டுகிற கட்டு அது. சின்ன வயதில் என் பையைக் கிளறி விளையாடினபோது பழகிவிட்டாய் போல என்று நினைத்தேன். அப்படித்தானா என்று எழுது.

யாழ்ப்பாணம் போய்க் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். என்மேல் இருக்கிற கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே.

அப்பா

டெல்ஃப்ற்,
20 ஒக்ரோபர் 2024

அப்பா,

குழாயில் இருந்ததை இறக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

மார்ச் 16 இல் 993. மார்ச் 30 இல் 1,017. ஏப்ரல் மழை பெய்த கிழமையிலும் இறங்கவில்லை. மே 18 இல் 1,163. ஆகஸ்ட் 3 இல் 1,372. நீங்கள் தாளில் எழுதின அத்தனை இலக்கமும் ஒன்று கூடாமல் குறையாமல் அப்படியே இருக்கிறது. கண்ணால் பார்க்காமல் ஒருவர் இருபத்தொரு கிழமை இப்படி எழுத முடியாது.

குழாயைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தால் அது பூச்சியம் காட்டும். மார்ச் 16 தொடங்கி ஒவ்வொரு சனியும் நாலு மணிக்குச் சரியாக மூன்று நிமிடம் பூச்சியம். யாரோ தூக்கி, பார்த்து, திருப்பி இறக்கியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 3க்குப் பிறகு தூக்கலும் இல்லை, ஏற்றமும் இல்லை, கோடு நேராகக் கிடக்கிறது. அந்த முத்திரைக் கட்டு எனக்குத் தெரியாது அப்பா. நான் சாதாரண முடிச்சுத்தான் போட்டேன்.

ஆகவே நீங்கள் போனீர்கள். குழாயையும் கண்டுபிடித்தீர்கள். ஒவ்வொரு கிழமையும் உண்மையாகவே அளந்தீர்கள். பிறகு, நான் மாநாட்டுக்குப் போக ஒரு மாதம் இருக்கையில், எல்லாம் பொய் என்று எழுதினீர்கள். கிணறு உங்கள் கண் முன்னாலேயே நான் சொன்னபடி நடந்தது, அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் எழுதுங்கள்.

கட்டுரையை மறுபடி கொடுக்கிறேன். இத்துடன் எங்கள் மாதிரிக்கணிப்பு இருக்கிறது. இப்போது கொஞ்சம் தரித்து நிற்கிறது, இனி ஏறும். நவம்பர் 9 இல் 1,480. நத்தாருக்கு 1,600. 2030 இல் 4,000. மனிதர்தான் இதைச் செய்கிறார்கள் என்று ஒரே ஒரு தரம் ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும் உங்களுக்கு?

அபிகாயில்

பண்டத்தரிப்பு,
நவம்பர் மாதம், இருபத்துமூன்றாம் நாள், சனிக்கிழமை

என் அன்பு மகள் அபிகாயிலுக்கு,

விளக்கம் இருந்தால் எழுதச் சொன்னாய். இருக்கிறது. அது உனக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை.

உன் கடிதம் வந்தது ஒரு புதன்கிழமை. இங்கே மூன்று கிழமையாக அடைமழை, கிணறு கட்டுக்கு ஒரு முழம் கீழே நிரம்பி நின்றது. இவ்வளவு மழைக்கு எந்தச் சவர்க் கிணறும் இனிக்கவேண்டும். ஒன்பதாம் திகதி சனிக்கிழமை கனகலிங்கத்தைப் பக்கத்தில் நிறுத்தி மீற்றரை இறக்கினேன். நான் எந்த இலக்கமும் எழுதியிருக்கவில்லை. நீ எழுதியிருந்தாய். மீற்றரில் 1,480.

அன்று முழுக்க யோசித்தேன். இரவில் எழும்பி நடந்து, போய் அளந்துவிட்டு மறந்துபோகிறேனோ என்றுகூட யோசித்தேன். வயதும் அறுபத்தேழு. ஆனால் நடந்தது பகல் நாலு மணிக்கு, அப்போது நான் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் திகதி ஒரு சோதனை செய்தேன். காலையில் உன் கணிப்புத்தாளையும் அந்த இலக்கங்கள் இருந்த கடிதத்தையும் அடுப்பில் வைத்தேன், மன்னித்துக்கொள். என் வாசிப்புத்தாளை எடுத்து அன்றைய திகதிக்கு நேரே 612 என்று எழுதினேன். உருண்டையில்லாத இலக்கமாக வரட்டும் என்று பழக்கதோஷத்தில் எழுதினது. மூன்று மணிக்குக் கனகலிங்கம் வீட்டுக்குப் போய் ஐந்து மணிவரை அங்கேயே இருந்தேன். நாலு மணிக்கு எங்கள் வளவில் கப்பி ஒரு தரம் கிரீச்சிட்டது. அவனும் கேட்டான். “காத்து” என்றான். காற்று இருக்கவில்லை.

பிறகு இருவரும் போனோம். 612.

கனகலிங்கம் வாளியில் அள்ளிக் குடித்தான். குடித்துவிட்டு வாளியைப் பார்த்தபடி நின்றான். “எங்கை அண்ணை இவ்வளவு நாளும் இந்தத் தண்ணி கிடந்தது?” என்றான். அடுத்த நாள் அவனுடைய கிணறும் இனித்தது, ஒழுங்கையில் மற்ற நாலும் இனித்தன. மழை என்று சொல்லலாம். நான்தான் முதல் ஆளாய்ச் சொல்லவேண்டியவன். ஆனால் மழைக்கு 612 என்று நிற்கத் தெரியாது, பிள்ளை.

எனக்கு விளங்கினது இவ்வளவுதான். கீழே இருப்பவர் கெட்டவர் இல்லை. அவரும் இலக்கம் பார்க்கிற உத்தியோகத்தர். எங்கள் தொழிலில் பூட்டு வீட்டு இலக்கம் பிழைத்தால் மீற்றர் அதைத் திருத்தும். அவருடைய தொழிலில் எழுத்துப் பிழைத்தால் தண்ணீரைத் திருத்துகிறார். நான் கூட்டி எழுதினேன், அவர் கூட்டினார். நான் மழையை மறந்தேன், அவரும் மறந்தார். எழுதாமல் விட்டேன், விட்ட இடத்திலேயே வைத்திருந்தார். நீ நவம்பர் ஒன்பதுக்கும் நத்தாருக்கும் எழுதி அனுப்பினாய், அவர் அதையும் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார். நல்ல உத்தியோகத்தர். எனக்கு இப்படி ஒரு உதவியாளர் அந்தக் காலத்தில் கிடைக்கவில்லை.

மனிதர்தான் செய்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னாய். ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனிதன் செய்தான். மகளுடைய நீளக் கடிதம் ஒன்றுக்கு ஆசைப்பட்டு மேசையில் இருந்து செய்தான். இப்போது நிறுத்திவிட்டான். வானத்தைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம்தான். கிணற்றைப் பற்றி இல்லை.

நீ இதைப் பகிடி என்று எடுப்பாய். 612ஐ, நம்பாத தகப்பன் உன் கோட்டை முறிக்க எழுதின இலக்கம் என்று எடுப்பாய். நான் ஏற்றி எழுதினால் நீ மூன்று பக்கம் எழுதுவாய், மேடையில் என் பெயர் வரும், நத்தாருக்கும் ஒருவேளை வருவாய். அதுவும் தெரியும். நேற்றுப் பின்னேரம் பேனையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைத்தான் யோசித்தேன். யன்னலால் பார்த்தால் கனகலிங்கம் மழைக்குள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு புது நாற்றுக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். ஆகவே இன்றைக்கும் 612 என்று எழுதியிருக்கிறேன். இனி ஒவ்வொரு சனியும் நாலு மணிக்கு முன் அதையே எழுதுவேன். எனக்குப் பிறகு யார் எழுதுவது என்று ஒருநாள் நீ வந்து முடிவு செய். கட்டாயமில்லை.

இப்போது மூன்று மணி முப்பது ஆகிறது. நூலை ஆணியில் கொழுவி, வாசற்கதவையும் திறந்து வைத்திருக்கிறேன். அவருக்கு என் பக்கத்தால் பூட்டு வீடு என்று இருக்கவேண்டாம்.

கோபம் ஆறினால் பதில் போடு. நாலு வரி போதும். ஆனால் ஒன்று, மகள். உன் கடிதத்தில் இலக்கம் ஒன்றும் எழுதாதே. வருகிற வருடத்தைப் பற்றி ஒன்றுமே எழுதாதே. திகதியைக்கூட எழுத்தில் எழுது.

உன் அப்பா,
இராசசிங்கம்